கறுப்புக் கழுகு ஆலையில் யாருக்கு இடம்?

2002 நவம்பர் 20ஆம் தேதி இரவு, கிழக்கு லண்டனில் ஒரு பழைய பீர் ஆலைக்குள் சுமார் 500 பேர் டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் மேசையில் ஒரு முதியவரின் பிணம். ஜெர்மனியிலிருந்து வந்த உடற்கூற்றியலாளர் ஒருவர், தலையில் இருந்த தொப்பியைக்கூடக் கழற்றாமல், கத்தியை எடுத்து அதை அறுத்துக் காட்டினார். பிரிட்டனில் பொதுமக்கள் பார்க்கப் பிரேதப் பரிசோதனை நடந்து அப்போது 170 வருடம் ஆகியிருந்தது. சட்டத்துக்கு விரோதம் என்று முன்கூட்டியே எச்சரிக்கை வந்திருந்தது. போலீசும் வந்து நின்றது. ஆனால் யாரையும் பிடித்துக்கொண்டு போகவில்லை. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பினார்கள்.

பிரிக் லேன் தெருவின் இரு பக்கமும் பத்து ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிற ட்ரூமன் ஆலை பார்த்த ஆயிரம் கூத்துகளில் அது ஒன்று. இன்று அங்கே இசைத்தட்டுக் கடை இருக்கிறது. பழைய கோட்டும் சட்டையும் விற்கிற சந்தை இருக்கிறது. கொதிகலன் அறைக்குள் வார இறுதிகளில் உலகத்துச் சாப்பாடெல்லாம் கிடைக்கிறது. மேல்மாடிகளில் சின்னச் சின்ன அலுவலகங்கள். தெருவுக்குக் குறுக்கே, தலைக்கு மேலே, ஆலையின் ஒரு பாதியை இன்னொரு பாதியோடு இணைத்த பாலம் அப்படியே நிற்கிறது. உயர்ந்த செங்கல் புகைபோக்கியில் மேலிருந்து கீழாக ‘ட்ரூமன்’ என்ற பெயர் வெள்ளை எழுத்தில் இறங்குகிறது. புகை வருவதில்லை. படம் எடுக்க மட்டும் ஆள் வந்துகொண்டே இருக்கிறது.

ஐரோப்பாவில் பழைய ஆலைகளுக்கு மறுவாழ்வு கொடுத்த கதையைச் சொல்லச் சொன்னால் கட்டடக்கலைக்காரர்கள் முதலில் கைகாட்டும் இடங்களில் இதுவும் ஒன்று. இடிக்கவில்லை, காலி செய்து பூட்டிவைக்கவில்லை, அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்றிக் காவலாளி போடவில்லை. அந்தப் பாராட்டு நியாயமானது. என் கண் போனது அதன் வாசல் பக்கம். மூன்றரை நூற்றாண்டில் இந்த வாசலுக்குள் வேலைக்குப் போனவர்கள் யார், அவர்கள் வீடு எங்கே இருந்தது என்று பார்த்துக்கொண்டே வந்தால், கட்டடம் பிழைத்த கதைக்குள் வேறொரு கதை ஓடுவது தெரிகிறது.

லண்டன் மாநகரத்தைப் பெருந்தீ தின்ற 1666ஆம் ஆண்டைத்தான் ஆலையும் தன் பிறந்த வருடமாகச் சொல்லிக்கொண்டது. அப்போது இது நகரத்துக்கு வெளியே இருந்த காட்டுப்பக்கம். மண்ணை வெட்டிச் செங்கல் சுட்ட இடம், அதனால்தான் தெருவுக்கே அந்தப் பெயர். 1679இல் ஜோசப் ட்ரூமன் என்பவர் கைக்கு ஆலை வந்தது. பக்கத்துத் தெருவின் பெயரால் ஆலையைக் கறுப்புக் கழுகு ஆலை என்றார்கள்.

சில வருடங்களில் அக்கம்பக்கம் நிறைந்துவிட்டது. 1685இல் பிரான்சு மன்னர் புராட்டஸ்டன்ட் மதத்தவருக்கு இருந்த பாதுகாப்பை ரத்து செய்ததும், உயிருக்குப் பயந்து ஓடிவந்த ஹியூகனோக்கள் இங்கே குடியேறினார்கள். பட்டு நெசவு அவர்கள் தொழில். தறிக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காக மேல்மாடியில் அகலமான ஜன்னல் வைத்துக் கட்டிய வீடுகள் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் இன்றும் இருக்கின்றன.

இந்த இடத்தில் நம் கரையும் கதைக்குள் வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி சோழமண்டலக் கரையிலிருந்தும் மற்ற துறைமுகங்களிலிருந்தும் கொண்டுபோய்க் குவித்த பூப்போட்ட பருத்தித் துணி லண்டன் பெண்களைப் பைத்தியமாக அடித்தது. சாயம் போகாது, துவைக்கலாம், விலையும் குறைவு. பட்டு விற்பனை படுத்தது. 1719இல் நெசவாளர்கள் கூட்டமாகக் கிளம்பி, அந்தத் துணியை உடுத்தித் தெருவில் போன பெண்களைத் துரத்தி உடையைக் கிழித்தார்கள், மை ஊற்றினார்கள். 1721இல் நாடாளுமன்றம் அச்சடித்த பருத்தித் துணியை உடுத்துவதையே தடைசெய்தது. நம் ஊர்ச் சாயக்காரர் கைவண்ணத்துக்கு இங்கிலாந்தில் கதவடைக்க வைத்த கோபம், இந்த ஆலையின் பீரைக் குடித்த தெருக்களில் கிளம்பியது. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர் மேல் எனக்கு அனுதாபம் உண்டு. ஆனால் பிழைப்பு போகிறவன் கோபம் தன்னைவிட எளியவர்மேல் விழுவது இந்தத் தெருவில் பிறகும் பலமுறை நடந்தது.

அதே குடும்பத்தில் வந்த பெஞ்சமின் ட்ரூமன் 1722இல் தொழிலுக்கு வந்தார். சரியான நேரம். லண்டனில் அப்போது போர்ட்டர் என்ற கறுத்த, கசந்த பீர் பிடிக்கத் தொடங்கியிருந்தது. மூட்டை தூக்குகிறவர்களின் பானம் அது. செய்வது பெரிய மந்திரம் இல்லை. பார்லியை முளைகட்டிச் சூளையில் உலர்த்தி, இடித்து, வெந்நீரில் ஊறவைத்துச் சாறு இறக்கி, ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு ஈஸ்ட் கலக்க வேண்டும். ஆனால் போர்ட்டரை உடனே விற்க முடியாது. பெரிய மரத்தொட்டிகளில் மாதக்கணக்கில் கிடந்து பதப்பட வேண்டும். அத்தனை மாதம் முதலை முடக்கிவைக்கச் சின்ன ஆலைக்காரரால் முடியவில்லை. முடிந்த ஒரு கைப்பிடி ஆட்கள் லண்டனின் பீரில் பெரும்பகுதியைக் கைக்குள் கொண்டுவந்தார்கள். ட்ரூமன் அவர்களில் ஒருவர்.

1737இல் இளவரசருக்குப் பெண் குழந்தை பிறந்தபோது, அரண்மனை வாசலில் சொக்கப்பனை கொளுத்தி ஊருக்கெல்லாம் இலவச பீர் ஊற்றினார்கள். முதல் நாள் வந்த பீர் வாயில் வைக்க விளங்கவில்லை. ஜனங்கள் அதை ஒருவர் மூஞ்சியில் ஒருவர் ஊற்றிவிட்டு மீதியை நெருப்பில் கொட்டினார்கள். மறுநாள் இரவு இளவரசர் ஆலையை மாற்றினார். ட்ரூமனின் பீப்பாய்கள் வந்தன, கூட்டம் குடித்துவிட்டு வாழ்த்திக்கொண்டே வீட்டுக்குப் போனது. இதைவிட நல்ல விளம்பரம் எந்த ஆலைக்கும் கிடைத்திருக்காது. பின்னாளில் அவருக்கு சர் பட்டம் வந்தது. கெயின்ஸ்பரோ என்ற பெரிய ஓவியர் அவரை முழு உருவமாகத் தீட்டிய படம் இப்போது டேட் காட்சிக்கூடத்தின் சொத்து. கையில் தடி, தடித்த உடம்பு, யாரிடமும் கடன் வாங்காதவரின் முகம்.

பக்ஸ்டனின் ஆறு வாரம்

ஆலையின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த மனிதர் பெஞ்சமின் ட்ரூமனுக்குப் பிறகு வந்தவர். தாமஸ் ஃபவல் பக்ஸ்டன் 1808இல், இருபத்திரண்டு வயதில், தாய்மாமன் ஹான்பரி பங்காளியாக இருந்த இந்த ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். மூன்றே வருடத்தில் பங்குதாரர். தொழிலாளிகளில் பலருக்கு எழுத்து வாசனை இல்லை என்று கண்டதும் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார். ஆறு வாரம் தவணை, அதற்குள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இங்கே வேலை இல்லை என்றார். மிரட்டிவிட்டுப் போய்விடவில்லை, ஒரு வாத்தியாரையும் சம்பளம் கொடுத்து வைத்தார். ஆறு வாரம் கழித்துச் சோதித்தபோது ஒருவர்கூட வெளியே போகவில்லை. பீப்பாய் உருட்டுகிறவர், குதிரைக்குப் புல் போடுகிறவர், உலைக்குக் கரி தள்ளுகிறவர் எல்லாரும் சிலேட்டோடு உட்கார்ந்திருந்த அந்த மாலைகளை நினைத்துப் பார்க்கிறேன். கொடுமையான தவணைதான். ஆனால் கைநாட்டு வைத்தவன் கையெழுத்துப் போட்டு வெளியே வந்தான்.

1816 குளிர்காலத்தில் பட்டுத் தொழில் நொடித்து ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டினி கிடந்தது. நகரத் தந்தையின் மாளிகையில் கூடிய கூட்டத்தில் பக்ஸ்டன் எழுந்து, ஆலைக்கு அக்கம்பக்கத்து வீடுகளில் தான் நேரில் பார்த்ததைச் சொன்னார். அன்றைய கணக்கில் 43,369 பவுண்டு நன்கொடை சேர்ந்தது. ஆலை முதலாளி ஒருவர் தன் வாசலைச் சுற்றியுள்ள வீடுகளுக்குள் போய்ப் பார்த்தார் என்பதுதான் இதில் எனக்கு முக்கியம். பார்த்தே ஆக வேண்டிய நிலையும் இருந்தது. பீப்பாய் தச்சர்கள், வண்டிக்காரர்கள், கொல்லர்கள், லாயத்து ஆட்கள், கணக்குப்பிள்ளைகள் என்று ஆலை ஓடுவதற்கு வேண்டிய கைகள் எல்லாம் நடந்துவரும் தூரத்தில் இருந்த வீடுகளிலிருந்து வந்தன.

1831 ஜூனில் பிரதமர் கிரே பிரபு உள்பட நாட்டின் பெரிய தலைகள் இந்த ஆலைக்கு விருந்துக்கு வந்தார்கள். பக்ஸ்டன் வெள்ளித்தட்டு வைக்கவில்லை. ஆலையின் உலையிலேயே வாட்டிய மாட்டிறைச்சித் துண்டும் போர்ட்டரும்தான் விருந்து. வந்தவர்கள் சாப்பிட்டு, இயந்திரங்களையும் லாயத்துக் குதிரைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதே பக்ஸ்டன்தான் வில்பர்ஃபோர்சுக்குப் பிறகு அடிமை ஒழிப்பு இயக்கத்தை நாடாளுமன்றத்தில் தலைமைதாங்கி நடத்தியவர். 1833இல் சட்டம் நிறைவேறியது. ஏறக்குறைய 170 வருடம் கழித்து ஐந்து பவுண்டு நோட்டில், சிறைச் சீர்திருத்தவாதி எலிசபெத் ஃப்ரையின் படத்தோடு இவரையும் அச்சிட்டார்கள். தமிழர்களுக்கு இதில் ஒரு வலியும் இருக்கிறது. அடிமைகளை இழந்த மொரீசியசுக் கரும்புத் தோட்டக்காரர்கள் 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளை இந்தியாவிலிருந்து இறக்கினார்கள். அந்தக் கப்பல்களில் ஏறியவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். ஒரு கொடுமை ஒழிந்த இடத்தில் இன்னொன்று வந்து குந்தியது. அதற்குப் பக்ஸ்டன் பொறுப்பில்லை. ஆனால் அவர் வாழ்ந்த காலத்திலேயே அது நடந்தது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆலை உச்சத்தைத் தொட்டது. 1853இல் ஆண்டுக்கு நாலு லட்சம் பேரல் பீர் காய்ச்சி உலகத்தின் மிகப்பெரிய ஆலையாக நின்றது. நம் கணக்கில் ஆறரைக் கோடி லிட்டர். இன்று ஞாயிற்றுக்கிழமை காபிக் கோப்பையோடு ஜனங்கள் உலவுகிற ‘ட்ரே வாக்’ சந்து, பீப்பாய் ஏற்றிய குதிரை வண்டிகள் வெளியே போன வழி. சந்தின் பெயரே அந்த வண்டியின் பெயர். பெரிய தொட்டிகள் இருந்த கட்டடத்தின் உச்சியில் மணிக்கூண்டு இன்னும் இருக்கிறது. லாயங்கள், இயக்குநர் மாளிகை, பொறியாளர் வீடு எல்லாம் தெருவோரமாக வரிசை கட்டி நிற்கின்றன.

அதற்கப்புறம் நூறு வருடத்தை வேகமாகத் தாண்டலாம். ஜனங்களின் நாக்கு மாறியது. கறுத்த பீர் போய்த் தெளிந்த பொன்னிற பீர் வந்தது. அதற்கேற்ற தண்ணீர் பர்ட்டன் ஊரில் கிடைத்ததால் 1873இல் அங்கேயும் ஓர் ஆலையை வாங்கினார்கள். ரயில் வந்து குதிரை குறைந்தது. 1971இல் இரண்டு பெரிய நிறுவனங்கள் இந்தப் பழைய கம்பெனியை வாங்கப் பங்குச் சந்தையில் அடித்துக்கொண்டன. ஜெயித்தவர் கையில் போனதும் ஆலைக்குக் கண்ணாடி முகப்பு வந்தது. பழைய செங்கல் வீடுகள் அந்தக் கண்ணாடியில் பிரதிபலிப்பதைப் பார்த்தால் யாருக்கும் ஒரு கணம் கால் நிற்கும், அவ்வளவு அழகான வேலை. ஆனால் பீர் விற்பனையைவிட ஆலைக்குச் சொந்தமான சாராயக் கடைகளும் நிலமும் விலை போகிற காலம் பிறந்துவிட்டது. பத்து நிமிடம் நடந்தால் லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையம், அதைத் தாண்டினால் வங்கிகளின் கோட்டை. 1989இல் உலை அணைந்தது.

உலை எரிந்த கடைசிக் காலத்தில் தெருவின் முகம் முழுக்க மாறிவிட்டது. பட்டு நெய்தவர்கள் போனார்கள். 1881க்குப் பிறகு ரஷ்யப் பேரரசின் படுகொலைகளிலிருந்து தப்பி யூதர்கள் வந்தார்கள், தையல் கடைகள் போட்டார்கள். அவர்கள் வசதி வந்து வடக்கே குடிபெயர, சில்ஹட் பகுதியிலிருந்து வங்காளிகள் வந்து அதே தையல் இயந்திரங்களின் முன்னால் உட்கார்ந்தார்கள். அவர்களில் முன்னோடிகள் கப்பலில் கரி அள்ளிய லஸ்கர் மாலுமிகள். 1978 மே 4ஆம் தேதி அல்தாப் அலி என்ற இளம் தையல் தொழிலாளியை இனவெறிக் கும்பல் தெருவில் குத்திக் கொன்றது. ஏழாயிரம் பேர் அவர் சவப்பெட்டியின் பின்னால் பிரதமர் அலுவலகம் வரை நடந்தார்கள். அந்த வருடத்துக்குப் பிறகுதான் வங்காளிகள் இந்தத் தெருவில் நிமிர்ந்து நடந்தார்கள்.

ஆலையிலிருந்து தெற்கே சில நிமிடம் நடந்தால் இன்னொரு பழைய கட்டடம் வரும். 1743இல் பிரெஞ்சு நெசவாளர்கள் கட்டிய ஜெபவீடு. 1819இல் மெத்தடிஸ்ட் சபைக்குப் போனது. 1898இல் யூதர்களின் தொழுகைக்கூடம் ஆனது. 1976இலிருந்து பள்ளிவாசல். நாலு வழிபாடு, ஒரே சுவர். ஒவ்வொரு முறை கை மாறியபோதும் அந்தக் கட்டடம் போய்ச் சேர்ந்தது அப்போது அந்தத் தெருவில் குடியிருந்தவர்களிடம். அவர்கள் சில்லறை சேர்த்து அதை வாங்கினார்கள். ஆலையின் மறுவாழ்வை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் என் கவலை புரியும்.

ஆறு மணிக்குப் பூட்டு

1995இல் காலியாகக் கிடந்த ஆலையைத் தனியார் வாங்கினார்கள். அப்போது அந்தப் பக்கம் மாலை ஆறு மணிக்கு மேல் போக ஆள் பயப்படும். அவர்கள் செய்தது புத்திசாலித்தனமான வேலை. பெரிய திட்டம் போடாமல், இருக்கிற அறைகளை இருக்கிறபடியே கம்மி வாடகைக்கு விட்டார்கள். ஓவியர், ஆடை வடிவமைப்பாளர், இசைக்காரர் எல்லாரும் வந்தார்கள். மாணவர்கள் கோடைதோறும் கண்காட்சி வைத்தார்கள். இரவு விடுதி வந்தது. 2004இல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை வந்தது. 2010இல் பக்கத்தில் ரயில் நிலையம் திறந்ததும் கூட்டம் குவிந்தது.

மற்ற ஆலைகளுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் இது எவ்வளவு நல்ல முடிவு என்று தெரியும். சிஸ்வெல் தெருவில் இருந்த பெரிய போட்டி ஆலை 1976இல் நின்று, இன்று பணக்காரக் கல்யாணமும் கருத்தரங்கும் நடக்கிற மண்டபம். டவர் பாலத்தருகே ஆற்றோரம் இருந்த ஆலையில் கோடீசுவரர்கள் குடியிருக்கிறார்கள். வாண்ட்ஸ்வொர்த்தில் 2006 வரை பீர் காய்ச்சிய இடத்திலும் அடுக்குமாடி. ட்ரூமன் ஆலைக்குள் மட்டும்தான் கையில் ஐந்து பவுண்டு இருக்கிற யாரும் நுழைய முடிகிறது. இதை நான் மனசார மெச்சுகிறேன்.

ஆனால் கவனியுங்கள். குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர் வீடு பக்கத்துச் சந்தில். 2005இல் அதே லாயத்தருகே அலுவலகம் போட்டவர் வீடு ரயிலில் அரை மணி. சந்தைக்கு வருகிறவர் இன்னும் தள்ளி. கட்டடத்தின் புகழ் தெருவின் வாடகையை ஏற்றியது. வாடகை ஏறியபோது முதலில் தவித்தது கட்டடத்துக்கு வெளியே கடை போட்டிருந்த வங்காளிகள்.

கொதிகலன் அறைச் சந்தையிலிருந்து வெளியே வந்து தெற்கே நடந்தால், மாலை நேரத்தில் கறிக் கடை வாசல்களில் ஆள் நின்று கூப்பிடுவார்கள். மஞ்சள் விளக்கு, சுவரில் விருதுச் சான்றிதழ்கள், மடித்த துணி நாப்கின் நட்டுவைத்த காலி மேசைகள். இரண்டு பேர் சாப்பிட்டால் தள்ளுபடி, முதல் பீர் இலவசம் என்று சொல்லிக்கொண்டே நம்மோடு நாலு கடை தூரம் நடந்து வருவார்கள். அடுத்த கடைக்காரர் அங்கிருந்து நம்மை ஏற்றுக்கொள்வார். 2000களின் நடுவில் பிரிக் லேனில் இப்படி 60 கறிக் கடைகள் இருந்தன. 2020 தொடக்கத்தில், கொரோனா வருவதற்கு முன்பே, 23. வாடகை, வரி, ஊரிலிருந்து சமையல்காரரைக் கூட்டிவர விசா கிடைக்காதது, பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனது என்று காரணம் பல. எல்லாப் பழியையும் ஆலைமேல் போட மாட்டேன். ஆனால் ஐம்பது அடி தள்ளி, சுவருக்கு உள்ளே கூட்டம் பிதுங்க, வெளியே கடைகள் ஒவ்வொன்றாக மூடிய அந்தப் பதினைந்து வருடத்தைத் தற்செயல் என்றும் சொல்ல மாட்டேன்.

பிறகு 2021 வந்தது. ஆலையின் வண்டி நிறுத்தும் மூலையில் ஐந்து மாடி அலுவலகமும் கீழே கடைகளும் கட்ட அனுமதி கேட்டார்கள். எதிர்த்து 7,000க்கும் மேல் கடிதங்கள் போயின. ஆதரித்து வந்தவை நூறைத் தொடவில்லை. உள்ளாட்சி மன்றத்தின் அனுமதிக் குழுவில் இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில் அனுமதி கிடைத்தது. எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். வழக்கு கட்டடத்தைப் பற்றிப் பேசவே இல்லை, கூட்டத்தில் யாருக்கு வாக்களிக்க உரிமை இருந்தது என்ற நடைமுறைக் கேள்வியில் சுற்றியது. 2025 மார்ச்சில் அவர்கள் தோற்றார்கள்.

அதற்குள் அடுத்த விண்ணப்பங்கள் வந்துவிட்டன. மேலும் அலுவலகங்கள், கடைகள், கொஞ்சம் வீடுகள், ஒரு தரவு மையம். அவை மேல்முறையீட்டுக்குப் போய் 2025 இறுதியில் பொது விசாரணைக்கு வந்தன. அலுவலகம் வந்தால் வேலை வரும், பாழாய்க் கிடக்கிற வண்டி நிறுத்தத்துக்கு உயிர் வரும், பழைய கட்டடங்களைக் காப்பதற்கு வருமானம் வேண்டாமா என்று திட்டத்தை ஆதரிப்பவர்கள் கேட்கிறார்கள்.

எனக்குத் தூக்கம் கெடுவது அந்தத் தரவு மையத்தால். நாம் எல்லாரும் பயன்படுத்துகிறோம், நம் படமும் பணமும் கடிதமும் அப்படி ஏதோ ஒரு கட்டடத்துக்குள்தான் கிடக்கின்றன, எங்கேயாவது இருந்துதானே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லலாம். இருக்கட்டும். ஆனால் அது எப்படிப்பட்ட அண்டை வீட்டுக்காரர் என்று யோசியுங்கள். ஜன்னல் இல்லை. கணினி அடுக்குகள் சூடாகும், அதைத் தணிக்க விசிறிகள் ராப்பகலாக ஓடும். மின்சாரம் போனால் தாங்க டீசல் இயந்திரங்கள் தயாராக நிற்கும். ஒரு தெரு அளவு இடத்தைப் பிடித்துக்கொண்டு அதற்கு வேண்டிய ஆள் ஒரு பேருந்தில் அடங்கிவிடும்.

மின்சாரத்தைப் பற்றிய பயம் கற்பனை இல்லை. 2022இல் மேற்கு லண்டனில், நம்மவர்கள் நிறைய வாழ்கிற ஈலிங், ஹவுன்ஸ்லோ, ஹில்லிங்டன் பகுதிகளில், புது வீடு கட்டுகிறவர்களுக்கு மின் இணைப்பு கிடைக்கப் பல வருடம் காத்திருக்க நேரும் என்ற தகவல் வந்து ஊரே திகைத்தது. இருந்த மின் திறனைத் தரவு மையங்கள் முன்கூட்டியே பேசி எடுத்துக்கொண்டது அதற்கு முக்கியக் காரணம். பிரிக் லேன் இருக்கிற டவர் ஹாம்லெட்ஸ் வட்டாரத்தில் அரசு வாடகை வீட்டுக்குப் பெயர் பதிந்து காத்திருக்கும் குடும்பங்கள் இருபதாயிரத்துக்கு மேல். இரண்டு படுக்கையறையில் மூன்று தலைமுறை படுத்து எழும் வீடுகள் அங்கே உண்டு. அந்தக் குடும்பங்களின் ஜன்னலுக்கு எதிரே, நகரத்தின் நடுவில், பத்து ஏக்கரில் மிஞ்சிய நிலத்தைக் கணினிகளுக்குக் குடியிருப்பாகக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கணினிக்கு மேகத்தின் கீழே எந்த வயலும் போதும். தாயும் தகப்பனும் இருக்கிற தெருவிலேயே வீடு கேட்கிற பெண்ணுக்கு அந்தத் தெருதான் வேண்டும்.

நெசவாளன் வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசிய முதலாளி நல்லவராக இருந்தார் என்பது பாதிதான். வீட்டுக்குள் இருந்த ஆளின் கைகள் மறுநாள் ஆலைக்கு வேண்டியிருந்தன என்பது மீதிப் பாதி. சந்தை வந்தபோது அந்தத் தேவை குறைந்தது, ஆனாலும் கூட்டிப் பெருக்க, பாத்திரம் கழுவ, வாசலில் நிற்க அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இடம் இருந்தது. அலுவலகம் அதையும் குறைக்கும். தரவு மையத்துக்கு அந்தத் தெருவின் எந்தக் கையும் வேண்டாம். வேண்டாதவர்களைப் பற்றி எந்தக் கட்டட உரிமையாளரும் நெடுநாள் கவலைப்பட்டதாக நான் படித்ததில்லை.

எதிர்ப்புக் குழுவினர் மாற்றுத் திட்டம் இல்லாமல் கத்துகிறார்கள் என்று சிலர் சொல்வது தவறு. வீடு கட்டுங்கள், அதில் பெரும்பங்கு உள்ளூர்க்காரர் கட்டுகிற வாடகையில் இருக்கட்டும், தெருமுகக் கடைகளைச் சின்ன வியாபாரிகளுக்குக் கொடுங்கள் என்று தெளிவாகவே கேட்கிறார்கள். பழைய இயக்குநர் மாளிகையையும் லாயத்தையும் யாரும் இடிக்கப் போவதில்லை, அவற்றுக்கு மரபுச் சின்னப் பாதுகாப்பு இருக்கிறது. பாதுகாப்பு இல்லாதது கடை வாடகைக்கும் வீட்டு வாடகைக்கும்தான்.

இந்த விசாரணையின் முடிவு எதுவானாலும், அனுமதிப் பத்திரத்தில் நிபந்தனைகள் எழுத்தில் வரவேண்டும். வீடுகளில் எத்தனை பங்கு சமூக வாடகைக்கு, பிரிக் லேனைப் பார்த்த கடைகளில் எத்தனை சின்ன வியாபாரிக்கு, எத்தனை வருடத்துக்கு வாடகை ஏறாது என்பதெல்லாம் எண்ணாகப் பதிவாக வேண்டும். இங்கிலாந்துச் சட்டத்தில் கட்டட அனுமதி ஆளோடு போவதில்லை, நிலத்தோடு போகிறது. ஆலை நாளைக்கே வேறு கைக்கு விற்றாலும், இன்று எழுதிவைத்த நிபந்தனை வாங்குகிறவரையும் கட்டும். எழுதாமல் விட்டது யாரையும் கட்டாது.